வீட்டோடு மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்து இறங்கிய அன்று, பெண் வீட்டார் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்க்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. கொல்லையைத் தாண்டி, கிணற்று மேட்டில் இருக்கும் பழைய மோட்டார் ரூமில் அவரைத் தனியாக அடைத்து, கதவு இடுக்கைச் சாக்கால் மூடி, இருபத்தொரு நாள் சிறை வைத்தேன். 'அடிப்பாவி, மாப்பிள்ளையையா?' என்று கன்னத்தில் கை வைத்துக் கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை என்று நாங்கள் கூப்பிடுவது ஒரு சேவலை.

சேவல் வாங்கி வந்தால் கோழிகளோடு விட வேண்டியதுதானே, இதற்கு இத்தனை சடங்கா என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு 2016-ல் நாங்கள் கொடுத்த விலையை முதலில் சொல்லி விடுகிறேன்.

நான் திண்டுக்கல் டவுனில் வளர்ந்தவள். பிளஸ் டூ வரை படித்தேன். 2001-ல் கல்யாணமாகி வடமதுரைக்குப் பக்கத்தில் இந்தக் கிராமத்துக்கு வந்தேன். வந்த மறுநாளே என் மாமியார் என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போய், பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுக எல்லாம் எங்கம்மா வீட்டுக் கோழிக, தாயி" என்றார். 1972-ல் அத்தை கல்யாணமாகி வந்தபோது, அவருடைய அம்மா இரண்டு விடைக்கோழிகளைக் காலைக் கட்டி வண்டியில் ஏற்றி விட்டாராம். பித்தளைக் குடம், அண்டாவோடு அதுவும் ஒரு சீர். அண்டா ஒரு கஷ்ட காலத்தில் அடகுக்குப் போனது, திரும்பவில்லை. குடமும் போயிற்று. கோழிகள் மட்டும் முட்டையிட்டு, அடை உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, தலைமுறை தலைமுறையாக அத்தையின் காலைச் சுற்றிக்கொண்டே இருந்தன. எல்லாம் சிறுவிடை. உடம்பு சின்னது, முட்டையும் சின்னது. ஆனால் காலையில் திறந்து விட்டால் மேய்ந்து பிழைத்துக் கொள்ளும். பருந்து நிழல் தெரிந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக் கொள்ளும்.

2016 ஐப்பசியில் எங்கள் சேவலை நாய் பிடித்து விட்டது. பதினாலு கோழிகள், சேவல் இல்லை. அந்தச் சமயம் பார்த்து மொபெட்டில் கூடை கட்டிக் கொண்டு ஒரு வியாபாரி வந்தார். கூடையில் பல ஊர்க் கோழிகள். நடுவில் ஒரு செவலைச் சேவல், கழுத்து மினுமினுப்போடு நின்றது. நான் பேரம் பேசி வாங்கினேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, ஆனால் சொல்லவில்லை. நான் அன்று சாயங்காலமே அதைக் கொல்லையில் விட்டு விட்டேன். எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

நாலாம் நாள் சேவல் இரை எடுக்கவில்லை. இறக்கையைத் தொங்க விட்டுக் கொண்டு மூலையில் நின்றது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. ஆறாம் நாள் செத்தது. அதற்கடுத்த பத்து நாளும் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கவே பயம். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று. சிலதுக்குக் கழுத்து முறுக்கிக் கொண்டது. அவற்றைப் பார்த்து நான் அழுதேன். வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்கிறோமே, அதுதான். ராணிகேத் நோய் என்று கால்நடை டாக்டரம்மா சொன்னார். இமயமலைப் பக்கத்து ஊர்ப் பெயராம். "வந்த பிறகு இதுக்கு மருந்தே கிடையாதும்மா. வராம இருக்கத்தான் தடுப்பூசி" என்றார். தடுப்பூசியை நாங்கள் போட்டிருக்கவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கிராமத்துக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். அந்த வருஷம் அறுவடை வேலை என்று நான்தான் அசட்டையாக விட்டு விட்டேன்.

பதிமூன்று கோழிகளையும் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார் என் கணவர். தப்பியது ஒன்றே ஒன்று. உள் அறையில் தானியப் பானைகளுக்குப் பின்னால் பன்னிரண்டு முட்டை மேல் அடை உட்கார்ந்திருந்த கோழி. அது கொல்லைக்கே வராததால் தப்பியது. சேதி தெரிந்த அன்றிலிருந்து நான் வேறு புடவை மாற்றி, கை கால் கழுவித்தான் அந்த அறைக்குள் போனேன்.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். காலையில் எழுந்ததும் பழக்க தோஷத்தில் ஒரு கை கம்பை எடுத்துக் கொண்டு கொல்லைக்குப் போவார். வெறும் பஞ்சாரத்தைப் பார்த்து விட்டு, கம்பைத் திரும்பக் கொண்டு வந்து பானையில் கொட்டுவார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த ஒற்றைக் கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்று டாக்டரம்மா சொன்னபடி செய்தோம். ஏழு தேறியது. ஐந்து பெட்டை, இரண்டு சேவல். குடும்பம் மறுபடி தழைத்தது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் பாருங்கள், எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் தங்கைக்குள்ளேயே ஜோடி சேர்ந்து, அதன் பிள்ளைகளும் அப்படியே. நாலைந்து வருஷத்தில் அதன் பலன் தெரிய ஆரம்பித்தது. அடை வைத்தால் பாதி கூமுட்டை. சில குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். 2022 மாசியில் பதிமூன்று முட்டை வைத்து நாலே நாலு பொரித்தது. அதிலும் ஒன்றுக்கு விரல் கோணல்.

"சேவலை மாத்துங்க. வேற ரத்தம் வரணும்" என்று டாக்டரம்மா சொல்லி விட்டார். வீட்டில் வந்து சொன்னேன். அத்தைக்கு முகமே செத்து விட்டது.

"வேணாம் தாயி. இருக்கறது இருக்கட்டும்."

"இப்படியே விட்டா இருக்கறதும் இருக்காது அத்தே."

"வெளியில இருந்து வந்ததுதானே அன்னிக்கு அத்தனையையும் கொண்டு போச்சு?"

அவர் சொன்னது சேவலைப் பற்றித்தான். ஆனால் வெளியிலிருந்து வந்தவள் நானும்தானே. எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் அய்யலூர். ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பேர் போன வியாழக்கிழமைச் சந்தை. அங்கே கண்ணைப் பறிக்கிற சேவல்கள் கிடைக்கும். கீரி, காகம், வல்லூறு என்று நிறத்துக்கொரு பெயர் சொல்லி விற்பார்கள். ஆனால் எந்தச் சந்தையானாலும், பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில் மூச்சு விடுகிற இடம். ஒரு தடவை சுட்டுக் கொண்டவள் நான். அதனால் நத்தம் பக்கம், என் தம்பியின் மாமனார் வீட்டுக்கு நேரில் போனேன். அவர்களிடம் இருபது சிறுவிடைகள். தவறாமல் ஊசி போடுகிறவர்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கோழிகளையே பார்த்தேன். தும்மல் உண்டா, மூக்கில் சளி உண்டா, பின்பக்கம் அழுக்கு ஒட்டியிருக்கிறதா... பெண் பார்க்கப் போனவர்கள்கூட அத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார்கள்! பத்து மாசத்துச் சேவல் ஒன்றைக் காட்டினார்கள். கீரி நிறம். கொண்டை ரத்தச் சிவப்பு. காலில் செதில் வழவழவென்று படிந்திருந்தது. தூக்கிக் கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அதற்குள் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். இறக்கையைத் தூக்கி அடியில் பேன் இருக்கிறதா என்றும் பார்த்தேன். பெரிய பெருவிடைச் சேவல் ஒன்றையும் ஆசை காட்டினார்கள். வேண்டாம் என்று விட்டேன். ஒன்றேகால் கிலோ கோழி மேல் நாலு கிலோச் சேவல் ஏறினால் முதுகுத் தோல் கிழிந்து போகும்.

காசு கொடுத்து வாங்கவில்லை. அவர்களுக்கும் வேறு ரத்தம் தேவைப்பட்டது. எங்கள் பழைய சேவலை அவர்களுக்குக் கொடுத்து மாற்றிக் கொண்டோம். "குழம்பு வச்சுராதீங்க, வளர்க்கத்தான் குடுக்கறோம்" என்று அத்தை போனில் மூன்று தடவை சொன்னார்.

அப்படி வந்தவர்தான் மாப்பிள்ளை. மோட்டார் ரூமில் தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் தீவனத் தட்டு, கதவருகே தனிச் செருப்பு. காலையில் முதலில் வீட்டுக் கோழிகளைக் கவனிப்பேன். எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில்தான் அவரிடம் போவேன். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். (கோழிகளுக்காக மட்டும் இல்லை, நமக்காகவும்தான். சின்னக் குழந்தைகள் குஞ்சைக் கையில் வைத்துக் கொஞ்சி முத்தம் கொடுக்கும், அது ஆகாது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தருகிற கிருமி ஆரோக்கியமான குஞ்சிலும் இருக்கலாம். கொஞ்சட்டும், ஆனால் உடனே கையைக் கழுவி விடுங்கள்.) முதல் வாரத்திலேயே டாக்டரம்மா சொன்ன குடற்புழு மருந்து கொடுத்தோம். பேனுக்கும் மருந்து தூவினோம். அதன் பிறகு குளிக்க ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து கொட்டி வைத்தேன். புரண்டு புரண்டு குளித்தார்.

இருபத்தொரு நாள் எதற்கு என்று கேட்கலாம். வெளியே தெரியாத நோய் உள்ளே இருந்தால் பெரும்பாலும் அந்தக் கெடுவுக்குள் தலை காட்டி விடும். ஆனாலும் சில கோழிகள் தாங்கள் நன்றாக இருந்து கொண்டே மற்றதுக்குக் கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, நம் கோழியில் ஒன்றை ஒரு வாரம் அதோடு விட்டுப் பார்ப்பது. இதை அத்தையிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வழியாகச் சொன்னேன்.

"பலி குடுக்கச் சொல்றியா?" என்றார்.

"பதினொண்ணைக் காப்பாத்த ஒண்ணு அத்தே."

வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே போய் புள்ளிச்சியைப் பிடித்துக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன், புள்ளிச்சி மூலையில் சிலிர்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வைத்த கம்பு வைத்தபடி. பக்கத்தில் கொழகொழவென்று பெரிதாய் ஒரு எச்சம், நாற்றமென்றால் அப்படி நாற்றம். என் கை கால் வெலவெலத்து விட்டது. அத்தையிடம் எப்படிச் சொல்வது? இவரிடம் சொன்னேன். டார்ச்சை எடுத்துக் கொண்டு இருவரும் போனோம். பின்னாலேயே அத்தையும் வந்து விட்டார். அவர் நேரே உள்ளே போய்க் குனிந்து புள்ளிச்சியின் அடிவயிற்றில் கையை விட்டார். அது 'கொர்ர்ர்' என்று உறுமி அவர் கையைக் கொத்தியது. வயிற்றில் முடி உதிர்ந்து சூடாக இருந்தது.

அத்தை சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் விட்டுச் சிரித்தார். "அடியே, இது அடைக்கு வந்திருக்குடி! நோயுமில்ல, நொடியுமில்ல!"

அடைக்கு வந்த கோழி இரை எடுக்காது, நாளுக்கொரு தடவை எழுந்து பெரிதாய் எச்சமிடும். இத்தனை வருஷம் கோழி வளர்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பயம் கண்ணை மறைத்து விட்டது. அந்தச் சேவலோடு சேர்ந்து முட்டை வைக்க இன்னும் நாளாகும் என்பதால், புள்ளிச்சியை வெளிச்சமும் காற்றும் உள்ள கம்பி வலைக்குள் விட்டோம். நாலைந்து நாளில் அடை தெளிந்தது.

அந்தக் கம்பி வலைதான் மாப்பிள்ளைக்கு அடுத்த இடம். கொல்லையின் நடுவிலேயே வலை கட்டி, சேவலையும் புள்ளிச்சியையும் ஒரு வாரம் உள்ளே வைத்தேன். பார்க்கலாம், தொட முடியாது. நம் நிச்சயதார்த்தம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

இதற்குள் கொல்லையில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. பழைய சேவல் போனதிலிருந்து கொண்டைச்சி என்ற கோழி பதவியேற்று விட்டது. தீவனத் தட்டில் முதல் கொத்து அதற்குத்தான். இளசுகளை மண்டையில் ஒரு போடு போட்டு விலக்கும். ஒரு நாள் காலையில் திட்டு மேல் ஏறிக் கழுத்தை நீட்டிக் கூவ வேறு கூவியது. 'பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா' என்று பழமொழி சொன்னவர்கள் எங்கள் கொண்டைச்சியைப் பார்த்ததில்லை. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டென்று, ஷெல்டெருப் எப்பே என்ற நார்வேக்காரர் 1920-களிலேயே எழுதியிருக்கிறாராம். என் பெண் படித்துச் சொன்னாள். சின்னப் பையனாக இருந்ததிலிருந்தே கோழிகளை உட்கார்ந்து பார்த்தவராம் அவர். நம்மூர்ப் பாட்டிகளும் பார்த்தார்கள். எழுதி வைக்கத்தான் இல்லை.

எட்டாம் நாள் இருட்டுகிற நேரம். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, சண்டைக்கு எழாது. எல்லாம் கூண்டில் கம்பு மேல் ஏறி உட்கார்ந்த பிறகு, மாப்பிள்ளையையும் புள்ளிச்சியையும் மெல்லக் கொண்டு போய் ஓரமாக ஏற்றி வைத்தேன். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் புது ஆள். அதுதான் கணக்கு. பொழுது விடிவதற்கு முன்னாலேயே போய்க் கதவைத் திறந்து விட்டேன். அடைபட்ட இடத்தில் சண்டை வந்தால் ஓட வழியிருக்காது. தீவனமும் தண்ணீரும் மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வைத்தேன். ஒளிய இடம் வேண்டுமென்று ஒரு பழைய கூடையைச் சாய்த்து, தென்னமட்டை நாலைச் சுவரில் நிறுத்தினேன்.

அப்படியும் என்ன, வெளியே வந்ததும் கொண்டைச்சி பாய்ந்து விட்டது! மாப்பிள்ளைக்கு உருவம் பெரிது, ஆனால் வயசு சின்னது. இரண்டு கொத்து வாங்கியதும் ஓடிப்போய்த் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று கொண்டார். கொண்டையில் ரத்தம். துரத்தலும் கொத்தலும் இரண்டு மூன்று நாள் இருக்கும், அதில் நாம் தலையிடக் கூடாது. ரத்தம் வந்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் அதே இடத்தில் கொத்தும். பிடித்து, கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, அன்று பகல் முழுக்க வலைக்குள் வைத்து விட்டு ராத்திரி மறுபடி ஏற்றினேன். இரண்டு நாள் அவர் ஓரமாகவே சாப்பிட்டார். துணைக்குப் புள்ளிச்சி மட்டும்.

மூன்றாம் நாள் அத்தை ஒரு வேலை செய்தார். சாணியும் ஈரச் சாக்கும் திணித்து வரப்பில் கவிழ்த்து வைத்திருந்த பானையை எடுத்து வந்தார். உள்ளே கரையான். நேராகத் துவைக்கிற கல் பக்கம் போய் மாப்பிள்ளையின் காலடியில் தட்டினார். அவர் தின்னவில்லை. ஒன்றை அலகில் எடுப்பதும் கீழே போடுவதுமாக 'கொக் கொக் கொக்' என்று கூப்பிட்டார். முதலில் இளசுகள் இரண்டு ஓடி வந்தன. பிறகு நாலு. எல்லாம் தின்று முடித்த பிறகு மிச்சத்தை அவர் பொறுக்கினார். கொண்டைச்சி தூரத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தது.

"நல்ல சேவல்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார். "எங்கம்மா புதுக்கோழி வந்தா மூணு வாரம் மாட்டுத் தொழுவத்துல தனியா கட்டிப் போடும். அன்னிக்கு அந்தச் செவலையை நீ வாங்கினப்பவே எனக்கு ஞாபகம் வந்துச்சு. படிச்ச பொண்ணு, நாம சொன்னா கேக்குமான்னு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும்."

ஆறு வருஷம் இதை மனசில் வைத்திருந்திருக்கிறார். என் தப்புக்காகத்தான் பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன் அத்தே" என்றேன். அதுதான் நிஜமும்கூட.

ஆறாம் நாள் கொண்டைச்சியும் கரையானுக்கு வந்தது. மாப்பிள்ளை ஒரு இறக்கையைத் தரையில் உரசிக் கொண்டு அதைச் சுற்றி அரை வட்டம் போட்டார். கொண்டைச்சி கொத்தவில்லை. அவ்வளவுதான், குடித்தனம் ஆரம்பமாகி விட்டது.

அதற்குப் பிறகும் பத்து நாள் பொறுத்தே அடைக்கு முட்டை சேர்த்தோம். பழைய சேவல் போனாலும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் கரு முட்டையில் சேரும்; எங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே நாளாகியிருந்தது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பார்த்து, கூர் முனை கீழே இருக்கும்படி அரிசிப் பானையில் வைத்து, பதினொன்று சேர்ந்ததும் அடை வைத்தோம். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பத்தில் சிலந்திக் கால் மாதிரி ரத்த நாளம் ஓடியது. இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சு. அத்தை இரண்டு முறை எண்ணினார்.

போன மாசம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். அவர்கள் வீட்டுச் சேவல் செத்து விட்டதாம். மாப்பிள்ளையின் பிள்ளைகளில் ஒன்றைக் கேட்டாள். நான் "அதுக்கென்ன, பிடிச்சுட்டுப் போ" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திண்ணையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"உங்க வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போட்டாச்சா, தாயி? முதல்ல இப்படி வந்து உட்காரு, சொல்றேன்."